ஆளில்லாத இடத்தில் ஓடும் ஃபேன்

1

வண்டியை நிறுத்திச் சாவியை உருவிய பிறகும் நான் உடனே வீட்டுக்குள் போவதில்லை. முன்பக்கம் போய் நின்று காது கொடுத்துக் கேட்பேன். வெயில் நாளில் பானெட்டுக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பானெட்டைத் திறந்து பார்க்காமல் உள்ளே போக மாட்டேன். என் மகள் காந்திமதிக்கு இது பெரிய வேடிக்கை. அம்மா வண்டிக்கு ஸ்டெதஸ்கோப் வைக்கிறாள் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அதை ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள். தமிழில் சொல்லிச் சிரிக்க இங்கே அவளுக்கு ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரே இப்போது 'கேண்டி' ஆகிவிட்டது. காந்திமதி என்பது நெல்லையில் அம்மன் சன்னதி முன்னால் நின்று வைத்த பெயர்.

இங்கே என்றால் கபரோன், போட்ஸ்வானாவின் தலைநகர். நெல்லைப் பக்கத்திலிருந்து கணக்கு வாத்தியாராகவும் சயின்ஸ் டீச்சராகவும் ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கணவருக்குக் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை.

போன வாரம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். பழைய சான்றிதழ்களில் என் பெயரோடு அப்பா பெயர் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த இரண்டு பெண்மணிகளும் யார்?" என்று மரியாதையாகக் கேட்டாள். இரண்டும் நான்தான் என்று விளக்கி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. திரும்பும் வழியில் ரோபோட்டில் நின்றேன். இங்கே சிக்னல் விளக்கை அப்படித்தான் சொல்வார்கள். ஒருமுறை போனில் அப்பாவிடம் "ரோபோட்ல நின்னப்போ" என்று ஆரம்பித்து, அவர் "எதுல நின்னே?" என்று பதறியதில் அன்றைய பேச்சு முழுக்க அதிலேயே தீர்ந்துபோனது.

ரோபோட்டில் நின்றபோது சூடு காட்டும் முள் பாதிக்கு மேலே போயிற்று. என் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஃபேன் இரைந்து சுற்றியது, முள் இறங்கியது. அவ்வளவுதான். எல்லா வண்டியிலும் நடப்பதுதான், ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துக் கத்தினார்கள். இந்தப் பயம் எனக்குக் கபரோனில் பிடித்ததல்ல. கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் பிடித்தது. அதை எழுதிவிட்டாலாவது கொஞ்சம் குறையுமா என்று பார்க்கிறேன்.

2

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெவின்யூ ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அது குற்றம். வாசலில் யார் என்று பார்க்க நாம் எழுந்து போனால் திரும்பி வருவதற்குள் ஃபேன் நின்றிருக்கும். "ஆளில்லாத எடத்துல யாருக்குட்டி ஃபேன்?" என்பார். கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த கை அது. சும்மா ஓடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். என் கல்யாணத்தில் பந்திக்குக் கூட்டம் எழுந்து போனதும் மண்டபத்து ஃபேன்களை எல்லாம் வரிசையாக அணைத்துவிட்டார். கடைசி வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வேர்வையில் குளித்து எழுந்த அந்த மனிதர், பெண் வீட்டு உபசாரத்தைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக் காட்டினார்.

இப்படிப்பட்டவர் பழைய அம்பாசடரை விற்றுவிட்டு ஒரு சின்னக் கார் வாங்கினார். அம்பாசடரில் ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டில் ஓடும். என்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். சின்னக் காரில் அது கரண்டில் ஓடுவது. சூடு ஏறினால் தானே சுற்றும், இறங்கினால் தானே நிற்கும், சாவியை எடுத்த பிறகும் சூடு தணியும் வரை சுற்றிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒப்பந்தம் முடிந்து கிடைத்த நீண்ட விடுமுறையில் நானும் காந்திமதியும் ஊருக்கு வந்திருந்தபோது, அந்தக் கார் வீட்டு முன்னால் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி நின்றது. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

3

என் தங்கை கோமதியை விக்கிரமசிங்கபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு நூல் மில்லில் வேலை. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம், அப்பாவோடு நானும் காந்திமதியும் பார்த்து வரப் போனோம். சித்திரை வெயிலுக்கு முந்திக்கொள்ளலாம் என்று விடியற்காலையிலேயே திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, அப்பாதான் ஓட்டினார், எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தோம். குளிர்ந்த காற்று, காலி ரோடு. முள் அசையவே இல்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை ஷிஃப்டுக்குப் போன பிறகு கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தல ரெண்டாப் பொளக்குது. கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்கு."

"வெயிலுட்டி. எளநி வெட்டித் தாரேன், செத்த படு" என்றார் அப்பா.

எனக்கு அது வெயிலாகத் தோன்றவில்லை. அவள் முகம் வீங்கியிருந்தது. பக்கத்துத் தெரு டாக்டரம்மாவை அழைத்து வந்தோம். அவர் பிரஷர் பார்த்தார், கருவியை உதறிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ரொம்ப ஏறிக் கெடக்கும்மா. வலிப்பு வந்துட்டுன்னா தாயிக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இங்கன வச்சுக்கிட்டு இருக்காதீங்க. இப்பமே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருங்க."

மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பிவிட்டு, பின்னால் வந்து சேரட்டும் என்று புறப்பட்டோம். பின் சீட்டில் கோமதியைச் சாய்த்துப் படுக்கவைத்து, அவள் தலையைக் காந்திமதியின் மடியில் வைத்தோம். நான் சாவியைக் கேட்டேன்.

"நீ ஓட்டுதியா? இங்கன லாரிக்காரன் ஒதுங்க மாட்டான்" என்றார் அப்பா.

"நீங்க மாட்டு வண்டிக்குப் பின்னாலயே போவீங்கப்பா. சாவியைத் தாங்க."

தந்தார். என்னிடம் அவர் எதையும் இவ்வளவு சீக்கிரம் தந்ததில்லை. அப்போதுதான் அவரும் பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

4

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பஸ்ஸும் சைக்கிளும் நெருக்கியடித்து நின்றன. ஊர்ந்துதான் போக முடிந்தது. அங்கேதான் முள் பாதியைத் தாண்டியதை முதலில் பார்த்தேன். ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறி வேகம் எடுத்ததும் இறங்கிவிட்டது. சரி, நெரிசல்தான் காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கல்லிடைக்குறிச்சிக்குள் மறுபடி ஏறியது. வெளியே வந்ததும் மறுபடி இறங்கியது. ஓடினால் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. கிளாஸில் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி மாதிரி இது என் மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்தது. பின்னால் கோமதி முனகிக்கொண்டிருந்தாள். யோசிக்க முடியவில்லை.

கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட். அடைத்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு லாரியும் வைக்கோல் வண்டியும். திரும்பிப் போக இடமில்லை. முள் என் கண் முன்னாலேயே சிவப்பை நோக்கி நகர்ந்தது. என்ஜினை அணைத்தேன். பானெட் இடுக்கிலிருந்து சூடு அலையலையாகக் கிளம்பியது.

"அம்மா, சித்தி சாவாளா?" என்று காந்திமதி கேட்டாள்.

அவளுக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது. நாமாக இருந்தால் சுற்றி வளைத்து, சாமி பேரைச் சொல்லி, கடைசியில் கேட்காமலே விட்டிருப்போம். அவளுடைய தமிழில் அந்த வசதியெல்லாம் இல்லை. கோமதி கண்ணைத் திறக்காமல் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அப்பா கதவைத் திறந்து இறங்கினார்.

பானெட்டைத் தூக்கியதும் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"தண்ணி இல்ல அண்ணாச்சி, அதான் கொதிக்கி. மூடியத் தொறந்து ஊத்தும்வே" என்றார் லாரிக்காரர்.

"பொம்பளையாள ஓட்ட விட்டா இப்பிடித்தான்" என்று இன்னொருவர்.

டீக்கடையிலிருந்து ஒரு குடம் வந்து சேர்ந்தது. அப்பா தோள் துண்டை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு அழுத்தித் திருகப் போனார்.

"அப்பா! தொடாதீங்க!"

நான் கத்திய கத்தலில் வைக்கோல் வண்டி மாடு மிரண்டது. ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் குரலை உயர்த்திப் பேசாதவள் நான். மூடி திறந்திருந்தால் கொதிநீர் அவர் முகத்தில் அடித்திருக்கும். அதை விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. கூட்டத்தில் ஒருவர் 'சே' என்றார். அப்பா கையைத் தடவிக்கொண்டு ஒதுங்கி நின்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் பார்க்க வேண்டிய வேலை இருந்தது.

ரேடியேட்டருக்குப் பக்கத்தில், மிஞ்சும் தண்ணீர் வந்து சேரும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை. அப்படியானால் கொதிப்பதற்குத் தண்ணீர் காரணமில்லை. ஓடும்போது எதிர்க்காற்று பட்டுக் குளிர்கிறது, நிற்கும்போது காற்று இல்லை. நிற்கும்போது காற்றுக் கொடுக்க வேண்டியது ஃபேன். இவ்வளவு சூட்டில் அது பேய் மாதிரி சுற்ற வேண்டும். குனிந்து பார்த்தேன். ஒரு அசைவு இல்லை. சாவியைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

ஃபியூஸ் போயிருக்கலாம் என்று ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துத் தேடினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. எது எதற்கு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் எல்லாக் கம்பியும் அறுபடாமல் நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரே எரிந்துபோயிருந்தால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. கோமதியை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியதுதான். ஆனால் கேட் அடைத்திருக்கும்போது எந்த வண்டி நகரும்? பின்னால் கோமதி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

கடைசியாக, ஃபேன் மோட்டாரிலிருந்து வருகிற வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஒரு சாண் தூரத்தில் அது முடிந்துவிட்டது. நுனியில் வெள்ளை நிறத்தில் ஒரு பிளக். அது எதோடும் சேரவில்லை. அறுந்து தொங்கவும் இல்லை. தூசி புகாமல் பாலிதீன் காகிதத்தில் பொதிந்து, பக்கத்துக் குழாயோடு சேர்த்து அழகாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியது ஆபீஸ் ஃபைலில் கோர்க்கிற டேக் நூல். இரண்டு சுற்று, நடுவில் ஒரு சுருக்கு, நுனிகள் சமமாக. அந்த முடிச்சை என் ஸ்கூல் நோட்டுகளில் எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதாட்டி? அத நான்தான் கழட்டி வச்சேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வண்டிய நிப்பாட்டிச் சாவிய எடுத்த பொறவும் அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே கெடந்துது. உள்ள ஆளே இல்ல, யாருக்கு ஃபேன்? பேட்டரிதான் தீந்து போகும்னு..."

பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். காருக்குள் பார்த்தார். கோமதியின் கால் பின் சீட்டிலிருந்து சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்க்க எனக்கு விரல் ஓடவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். பிளக்கைச் செருகிச் சாவியைத் திருப்பியதும் ஃபேன் 'உய்ய்' என்று பிடித்துக்கொண்டது. லாரிக்காரர் கைதட்டினார். ரயில் வந்து போயிற்று. கேட்டைத் திறந்தார்கள். பின்னால் நின்ற வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. நான் மட்டும் நின்றேன். இந்தச் சூட்டில் என்ஜினைப் போட்டால் உள்ளே இறுகி மொத்தமாக நின்றுவிடும், போடாவிட்டால் தங்கைக்கு வலிப்பு வந்துவிடும். இரண்டு பயத்துக்கும் நடுவில், முள் சிவப்பை விட்டு இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எங்கும் நின்றதில்லை.

அதன் பிறகு சேரன்மாதேவி வந்ததும் தெரியவில்லை, பத்தமடை போனதும் தெரியவில்லை. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில். அப்பா முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து கோமதியின் காலைப் பிடித்தபடியே வந்தார்.

5

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலேயே வைத்து டாக்டர் பார்த்தார். பிரஷரைக் கேட்டதும் கோமதியிடம் குனிந்து, "உனக்கு முன்னாடியே மாத்திரை கொடுத்திருக்காங்களா?" என்றார்.

"கொடுத்தாவ."

"சாப்பிடுறியா?"

கோமதிக்கு நாக்குக் குழறியது. "நிப்பாட்டிட்டேன் டாக்டர். பிரஷர் சரியாயிட்டுல்லா, கால் வீக்கமும் வடிஞ்சிட்டு. பொறவு எதுக்குச் சும்மா முழுங்கணும்னு அப்பாதான்..."

டாக்டர் யார் அப்பா என்று கேட்கவில்லை. "அந்த மாத்திரையாலதாம்மா சரியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியோடு உள்ளே போய்விட்டார்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் அவர் பெஞ்சில் இல்லை. வராந்தாக் கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கோமதிக்கு வலிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை நான் முடிக்க விடவில்லை. மாப்பிள்ளை மில் உடையோடு வந்து சேர்ந்தபோது, "ரெண்டு பேரும் நல்லா இருக்காவ" என்று அவரிடம் சொன்னது காந்திமதி. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்த 'இருக்காவ' அவள் வாயில் சரியாக வந்தது.

6

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு ஊரிலிருந்து வருவது ஒரே ஒரு செய்திதான். "எல்லாரும் நல்லா இருக்கோம்." லைன் இரைச்சலுக்கு நடுவில் அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவோம். அது பொய் இல்லை. அப்பா அன்று காலை வரைக்கும் கார் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தார். கோமதியும் நன்றாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தார். நல்லெண்ணத்தோடு, தூசி படாமல் பொதிந்து, அழகாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். யாரைக் குறை சொல்ல? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து கார் பானெட்டைத் திறந்து பார்க்கிறவள் எவ்வளவைத்தான் பார்த்துவிட முடியும்? அந்த விடுமுறைக்குப் பிறகு அந்தச் செய்தியை நான் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. மாத்திரை முழுங்கினியா, எந்த நிற மாத்திரை என்று வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்கிறேன். கோமதிக்குச் சலிப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

அன்றைக்குப் பிறகு அப்பா கார்ச் சாவியை என் கையிலேயே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் காரில் போய் வந்தோம், நான்தான் ஓட்டினேன். பேத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ள மறுத்தார். "நீ வச்சுக்கோ, நான் தொட வேண்டாம்" என்றார்.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் வந்து நின்றார். ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடப் போகிறாரோ, அல்வாவோ முறுக்கோ, என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"வேலை முடிஞ்சுட்டுன்னா, வீட்ட ஒரு தடவ சுத்திப் பாத்துட்டுப் போட்டி."

"என்னத்தப்பா பாக்கணும்?"

"நான் இன்னும் என்னென்னத்தக் கழட்டிப் போட்டிருக்கேனோ, எனக்குத் தெரியலயே."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. நான் சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, அடுக்களையில் கேஸ் டியூபிலிருந்து ஆரம்பித்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். மோட்டார், மீட்டர் பெட்டி, குளியலறை வயர் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இது சரியா இருக்காட்டி? இது?" என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.